நான் அன்றைக்கே சொன்னேன்

அய்யா துணை



"நான் அன்றைக்கே சொன்னேன்" என்ற பேச்சைக் கேட்காத வீடு கிடையாது. கணவன் மனைவியிடம் சொல்வான். தகப்பன் பிள்ளையிடம் சொல்வான். தாங்கலில் கணக்குப் பார்க்கும் நாளில் ஒருவர் மற்றவரிடம் சொல்வார். சொல்லுகிறவர் வாயில் அது இனிக்கும். கேட்கிறவருக்கு, ஏற்கெனவே பட்ட நஷ்டத்தின் மேல் ஒரு கொட்டுப் போல விழும். சொன்னது சரிதான் என்றாலும் அந்தச் சொல்லால் யாருக்கும் ஒரு பிடி சோறு கிடைத்ததில்லை. பிறகு ஏன் அது அவ்வளவு இனிக்கிறது?

கோவளம் கரையில் ஒரு மார்கழி விடியலை நினைத்துப் பார்க்கலாம். கோவளம் என்றதும் தென்னாட்டு மக்களுக்குக் கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கோவளம்தான் நினைவு வரும். இது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம். முட்டுக்காட்டுக் கழி கடலில் சேரும் இடத்தை ஒட்டி, தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் மீனவர் குப்பமும் அடுத்தடுத்து இருக்கிற ஊர். இருட்டோடு ஃபைபர் படகுகளைத் தள்ளுகிற நேரம். வயதானவர் ஒருவர் மணலில் நின்று கடலைப் பார்க்கிறார்.

"இன்னிக்கு வேணாம் தம்பி. வன்னி வெள்ளம் இழுக்குது. வாடை ஏறும்போல தெரியுது."

வடக்கேயிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை அந்தக் கரையில் வன்னி என்பார்கள். இளைஞனுக்கும் அது தெரியும். ஆனால் டீசல் வாங்கியாயிற்று. இன்ஜின் கடன் தவணை நிற்கிறது. நான்கு நாளாகப் படகு கரையிலேயே கிடக்கிறது.

"அண்ணே, நீ சொல்றது புரியுது. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம்."

"என் கணக்கு இதுதான். தப்பாவும் இருக்கலாம். போறதுன்னா ரொம்ப தூரம் போகாதே."

படகு போய்விடுகிறது. பெரியவர் கரையிலேயே நிற்கிறார். இப்போது அவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான் கேள்வி. காற்று எழும்ப வேண்டும் என்றா, எழும்பக் கூடாது என்றா? வெளியே கேட்டால் எழும்பக் கூடாது என்றுதான் யாரும் சொல்வார்கள். உள்ளே, மிகச் சின்னதாக, ஒரு மூலையில், "கொஞ்சமாவது அடிக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும்" என்று ஒரு குரல் இருக்கும். அந்தக் குரல் இல்லாத மனுஷன் அபூர்வம். நம் சொல் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக இன்னொருவன் படகு ஆட வேண்டும் என்று கேட்கிற குரல் அது. கலி எங்கே இருக்கிறது என்று தேடி அலைகிறவர்கள் முதலில் அந்த மூலையைப் பார்க்கலாம். கொலை, களவு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கலி. இது நியாயத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கலி.

இதே கடலில் நடந்த பெரிய சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கத்தில் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகுதான் தமிழ்நாட்டுக் கரையில் சுனாமி ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாட்டை அய்யாவழி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் என்பது ஒரு குப்பத்தை மேட்டுக்கு நடத்திப் போகப் போதுமான நேரம். சொல்ல ஏற்பாடு இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஐதராபாத்தில் இந்திய மையம் 2007இல்தான் வேலை தொடங்கியது.

கடலுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த நாட்டு வானிலைத் துறையின் தலைவராக இருந்த சமித் தம்மசரோஜ் என்பவர், புக்கெட் முதலான மேற்குக் கரை ஊர்களைச் சுனாமி தாக்கக் கூடும் என்று 1998இல் எச்சரித்தார். பீதி கிளப்புகிறார், சுற்றுலா வருமானத்தைக் கெடுக்கிறார் என்று அவரை ஒதுக்கினார்கள். ஆறு வருஷம் கழித்து அலை வந்தது. தாய்லாந்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். பிறகு அரசாங்கம் அவரையே திரும்ப அழைத்து எச்சரிக்கை அமைப்பை உருவாக்கும் பொறுப்பைக் கொடுத்தது.

அவர் சொன்னது சரியென்று ஆனது. எவ்வளவு விலையில் ஆனது என்று பார்க்க வேண்டும். ஐயாயிரம் பிணங்கள் சாட்சி சொல்லி ஒருவர் பேச்சு நிலைநாட்டப்பட்டால், அந்த வெற்றியை வாங்கி எங்கே வைப்பது? அப்படிப்பட்டவருக்கு உண்மையான ஆசை ஒன்றுதான் இருந்திருக்க முடியும்: தான் பைத்தியக்காரன் என்று ஊர் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாமே என்ற ஆசை. எச்சரிக்கை சொல்லுகிறவன் தன் சொல் பொய்த்துப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சொல்ல வேண்டும். இது கடினம். ஆனால் இதைத் தவிர வேறு எந்த மனசோடு சொன்னாலும் அது எச்சரிக்கை ஆகாது, பந்தயம் கட்டுவது ஆகிவிடும்.

சரியென்று ஆவதில் இன்னொரு வழுக்கலும் உண்டு. அதற்குக் கோவளத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே மாமல்லபுரம் வரை போனால் போதும்.

மாமல்லபுரத்தில் ஏழு கோயில்கள் இருந்தன, கரையில் நிற்பது ஒன்று, மற்றவற்றைக் கடல் கொண்டுபோயிற்று என்பது அந்தக் கரையின் பழம்பேச்சு. 1772இலும் 1776இலும் அங்கே போன வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். அது 1788இல் கல்கத்தாவில் அச்சானது. கடலுக்குள் தூரத்தில் கோயில் உச்சிகளைப் பார்த்த நினைவு மூத்தவர்களுக்கு உண்டு என்றும், உச்சியில் செம்புத் தகடு போர்த்தியிருந்ததால் சூரியன் உதிக்கும் வேளையில் மின்னும் என்றும், பிறகு செம்பு களிம்பேறி அந்த மினுக்கம் போய்விட்டது என்றும் அவர்கள் சொன்னதாக எழுதினார். தான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து வைத்தார் அந்த மனுஷன். தனக்குத் தெரியாததைப் பொய் என்று தள்ளவும் இல்லை. இந்த ஒரு குணத்தால்தான் அந்தப் பெரியவர்களின் பேச்சு இருநூறு வருஷம் கழித்தும் கிடைக்கிறது.

அதற்குப் பிறகு படித்தவர்கள் பலர் அதைக் கட்டுக்கதை என்றார்கள். மீனவர்கள் விடவில்லை. வலை எங்கே மாட்டிக் கிழிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். 2002 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குழுவும் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் சேர்ந்து, மீனவர் பேச்சை வைத்துக்கொண்டே கடலில் இறங்கினார்கள். கரையிலிருந்து சுமார் 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர் போன்றவையும் செதுக்கிய கற்களும் இருக்கக் கண்டார்கள். இரண்டு வருஷத்தில் சுனாமி வந்தபோது கடல் உள்வாங்கியது. வரிசையாகக் கற்கள் தெரிந்தன என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அலை மணலை அரித்துப் போனதில் சிற்பம் செதுக்கிய பாறைகள் வெளிவந்தன.

மீனவர்கள் சொன்னது சரியாயிற்று என்று ஒரே பேச்சு. ஆனால் எது வரை சரியாயிற்று? கடலுக்குள் மனிதன் கட்டியது இருக்கிறது என்பது வரை சரி. ஆறு கோயில்கள் என்பதோ, செம்பு மின்னியது என்பதோ இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. வழுக்கல் இங்கேதான் இருக்கிறது. பத்து சொன்னதில் மூன்று சரியானதும் பத்தும் சரி என்று மார்தட்டுகிறது மனசு. எதிர்த்தவனும் அதே தப்பைத் திருப்பிச் செய்கிறான். ஏழு காட்டாத வரை ஒன்றையும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

அதே சுனாமி மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்திலும் மணலை வாரிக்கொண்டு போயிற்று. ஒரு பாறையில் கல்வெட்டு தெரிந்தது. முருகன் கோயில் ஒன்றுக்குக் கொடுத்த தானத்தைப் பற்றிய கல்வெட்டு. 2005இல் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டினார்கள். வடக்கே பார்த்த கோயில் கிடைத்தது. மேலே பல்லவர் காலத்துக் கட்டுமானம், அடியில் அதற்கும் முந்தைய செங்கல் கட்டுமானம். கடலுக்குள் ஏழா, ஒன்றா என்று இருநூறு வருஷம் சண்டை போட்ட இரண்டு தரப்புக்கும், இங்கே கரையில் மணலுக்கடியில் ஒரு கோயில் கிடப்பது தெரியாது. உண்மை பல சமயம் இப்படித்தான், சண்டை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்.

இனி அய்யா விஷயத்துக்கு வரலாம். அன்பர்களுக்கு எல்லாம் தெரிந்த வரலாறுதான். ஆனால் இந்தக் கண்ணோடு ஒரு தரம் பார்க்க வேண்டும்.

சுவாதித் திருநாள் மன்னர் அய்யாவைப் பிடித்துவர நினைத்தபோது, சபையில் இருந்தவர்கள் மன்னர் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். பூவண்டர் ஒருவர்தான் எழுந்து இது தகாது என்றார். மன்னர் கேட்கவில்லை. பூவண்டர் செய்ததில் கவனிக்க வேண்டியது, அவர் சொன்ன நேரமும் இடமும். காரியம் நடப்பதற்கு முன்னால் சொன்னார். தீர்மானிக்கிறவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். சபையில் தலையாட்டிவிட்டு வீட்டுத் திண்ணையில் "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அகிலத்திரட்டில் அவர் பேரும் இருந்திருக்காது.

பிறகு மன்னர் கைக்குள் ஒரு மோதிரத்தை மறைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது என்ன என்று அய்யாவிடம் கேட்டார். அய்யா பேசாமல் இருந்தார். சிறை கிடைத்தது. சிறு பிள்ளைகள் தாங்கலில் இந்தக் கதையைக் கேட்கும்போது தவறாமல் கேட்பார்கள்: அய்யாவுக்குத் தெரியுமே, சொல்லியிருக்கலாமே? நியாயமான கேள்வி. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் பதில் கிடைக்கும். மன்னர் வியந்திருப்பார். கெட்டிக்கார மந்திரவாதி என்று பட்டும் பொன்னும் கொடுத்து அனுப்பியிருப்பார். தலைவரியும் ஊழியமும் மேலாடைத் தடையும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். மன்னருக்கும் அய்யாவுக்கும் வழக்கு மோதிரத்தைப் பற்றியது இல்லை. மனுஷனை மனுஷன் மிதிப்பதைப் பற்றியது. மோதிரக் கேள்வியில் ஜெயிப்பது அந்த வழக்கைக் கைவிடுவதாகும். சரி என்று காட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அது தப்பான கேள்விக்கு என்பதால் அய்யா அதை எடுக்கவில்லை. வீட்டுச் சண்டையில் புருஷன் பெண்டாட்டி இருவரும் "அன்றைக்கு நீ வந்தது ஆறு மணியா, ஆறரையா" என்று மணிக்கணக்கில் வாதாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மணியில் ஒருவர் ஜெயிப்பார். மனத்தாங்கல் அப்படியே கிடக்கும்.

சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து விடும்போது, தன் சாதி மக்களோடு மட்டும் இருந்துகொள்வதாக உடன்பட்டால் விடுகிறோம் என்றார்கள். அங்கே அய்யா மௌனம் காக்கவில்லை, மறுத்தார். ஒப்புக்கொண்டு வெளியே வந்து, பிறகு தன் இஷ்டம்போல் நடந்துகொள்ளலாம் என்று ஒரு உலகியல்காரன் கணக்குப் போட்டிருப்பான். ஒத்துப்போகாததை ஒத்துப்போகிறேன் என்று சொல்வதும் பொய்தான். அது சமாதானத்தின் பேரில் சொல்லப்படுவதால் பலருக்கும் பொய் என்று தோன்றுவதில்லை. 1839 மாசியில் விடுதலை ஆனார்.

வந்தவர், தன் பக்கம் நியாயம் என்று உலகம் ஒப்புக்கொள்ளட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. சுவாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியும் ஒன்றாகத் தண்ணீர் மொண்டார்கள். துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நிற்க வைக்கப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டி நின்றார்கள். மேலாடை உரிமைக்கான அரசாணை 1859 ஜூலை 26இல் வந்தது. அய்யா வைகுண்டம் சென்று எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆணையும் முழுசாக வரவில்லை. மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற வாலோடு வந்தது. கோயில் நுழைவு ஆணைக்கு 1936 நவம்பர் 12 வரை ஆயிற்று. நிரூபணத்துக்காகக் காத்திருந்திருந்தால் மூன்று தலைமுறை தாகத்தோடு நின்றிருக்கும். கிணற்றுக்கு அரசாணை தேவைப்படவில்லை.

இவ்வளவும் தெரிந்த மக்கள், தாங்கல் கூட்டத்தில் எப்படி இருக்கிறோம்? சென்னையிலும் இந்தக் கிழக்குக் கரை ஊர்களிலும் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் கூடி வைத்த தாங்கல்கள் பல. கடை நடத்துகிறவர், கூலி வேலை செய்கிறவர், அலுவலகம் போகிறவர் என்று எல்லாரும் உண்டு. கூரையை ஓடாகப் போடுவதா, தளம் ஒட்டுவதா என்று பேச்சு வரும். திருநாளுக்கு எத்தனை மூட்டை அரிசி என்று பேச்சு வரும். கூட்டத்தில் பத்துப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது அவர்களுக்குப் பேச்சு வரும். "இது சரிப்பட்டு வராது பாருங்க." அடுத்த மழைக்குக் கூரை ஒழுகினால் முதல் ஆளாக வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். ஒழுகாவிட்டால், இந்த வருஷம் மழை பத்தாது என்பார்கள்.

வேலையில் தப்பு நடந்துவிடும் என்று தெரிந்தவர் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். எவ்வளவு தூரம் நிச்சயம், எவ்வளவு தூரம் ஊகம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவருக்குக் கோபம் பாதியாகக் குறையும். நோட்டுப் புத்தகத்தில் தீர்மானத்தை எழுதுகிறவர், மறுத்துச் சொன்னவர் காரணத்தையும் இரண்டு வரி எழுதி வைக்கலாம். இது பிறகு எடுத்துக் காட்டி ஒருவரைத் தலைகுனிய வைப்பதற்கு இல்லை. அடுத்த தடவை அதே பள்ளத்தில் விழாமல் இருப்பதற்கு. சொன்னதற்கு மாறாகப் பெரும்பான்மை முடிவு எடுத்தால், மறுத்தவரும் மறுநாள் மண்வெட்டியோடு வர வேண்டும். தான் வேண்டாம் என்ற தளத்துக்குத் தானே கலவை சுமக்கிறவர் உண்டு. அப்படிப்பட்டவர் பேச்சுக்கு அடுத்த கூட்டத்தில் தனி மரியாதை இருக்கும்.

தப்பாகிப் போனவர் பாடு இதைவிடக் கஷ்டம். "நீங்கள் சொன்னதுதான் சரி, நான் கேட்கவில்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்வதற்கு, சிறை போகிற தைரியத்தில் கொஞ்சமாவது வேண்டும். ஒருவர் அப்படிச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டு கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. அந்த நிமிஷத்தில் பேசுகிற எந்தப் பேச்சும் மிச்சம் இருக்கிற உறவையும் அரித்துவிடும்.

கோவளம் கரையில் வெயில் ஏறிவிட்டது. வாடை எழும்பவில்லை. பெரியவர் கணக்கு தப்பிப்போயிற்று. படகு மூக்கை நீட்டிக்கொண்டு அலைமேல் வருகிறது. வலை நிறைய மீன். இளைஞன் எழுந்து நின்று கையை ஆட்டுகிறான். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார். படகின் ஓரத்தைப் பிடித்து மற்றவர்களோடு சேர்ந்து இழுக்கிறார்.

"நல்ல பாடு தம்பி. வலை எங்கேயும் மாட்டலையே?"

அய்யா உண்டு